தமிழ்ப் பக்கம் மட்டும் ஏன் அசிங்கமாகத் தெரிகிறது?

ஈரோட்டுப் பக்கம் மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: கடைக்குப் புதிதாக இணையதளம் செய்திருக்கிறார். ஆங்கிலப் பக்கம் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. அதே பக்கத்தைத் தமிழில் திறந்தால் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. தலைப்பில் மேலே இருக்கும் சுழிகளும் கீழே இறங்கும் வளைவுகளும் வெட்டுப்படுகின்றன. வடிவமைத்தவரிடம் கேட்டதற்கு, "தமிழ் எழுத்தே அப்படித்தான் சார்" என்று பதில் வந்திருக்கிறது. எந்த ஃபாண்ட் போட்டால் சரியாகும் என்பது அவருடைய முதல் கேள்வி. லோகோ ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது, தமிழில் ஒன்று செய்யலாமா, அப்பா காலத்தில் கையால் எழுதிய கடைப் பலகையை என்ன செய்வது என்பவை அடுத்தவை.

ஃபாண்டின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். தமிழ் எழுத்திலேயே குறை இருக்கிறதா, அல்லது செய்த வேலையில் குறை இருக்கிறதா? வேலையில்தான் குறை. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆங்கிலத்துக்காக அளவெடுத்த பக்கத்தில் கடைசி நேரத்தில் தமிழை ஊற்றியிருக்கிறார்கள். இட்லிக் குழியில் தோசை மாவை ஊற்றிவிட்டு, தோசை மெல்லியதாக வரவில்லை என்று மாவைக் குறை சொல்கிற கதை.

அச்சகத்தில் பக்கம் அமைப்பவனாகத் தொடங்கி, பிறகு லேபிள், பெயர்ப்பலகை, இணையதளம் என்று பல ஆண்டுகளாக எழுத்தோடுதான் என் பிழைப்பு. அதிலிருந்து சொல்கிறேன். நான் நிரல் எழுதுபவன் அல்ல. சட்டம் படித்தவனும் அல்ல. அந்த இரண்டையும் தொடும் இடங்களில் நான் சொல்வதை உரியவரிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், உங்கள் தளத்தில் தமிழுக்கென்று ஒரு எழுத்துருவே தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று தோன்றுகிறது. இது ஊகம்தான், ஆனால் அடிக்கடி பலித்த ஊகம். இன்றைக்கு விலைக்கும் இலவசமாகவும் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகளில் (முன்பே தயாராக இருக்கும் தள வடிவங்களில்) பாதி, பாப்பின்ஸ் என்ற எழுத்துருவோடு வருகின்றனவோ என்று நினைக்கும் அளவுக்கு அது பரவிக் கிடக்கிறது. நல்ல எழுத்துரு, இந்தியர்கள் செய்தது. ஆனால் அதில் இருப்பவை லத்தீன் எழுத்துகளும் தேவநாகரியும் மட்டுமே, தமிழ் கிடையாது. எழுத்துருவில் இல்லாத எழுத்தை உலாவி சந்திக்கும்போது கட்டம் போட்டுவிட்டு நிற்பதில்லை. அந்தக் கருவியில் எந்தத் தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அதை எடுத்து ஒட்டிவிடுகிறது. விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா யுஐ, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். ஆக, உங்கள் தமிழ்ப் பக்கம் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு முகத்தோடு தெரிகிறது. வடிவமைப்பாளரின் மடிக்கணினியில் சுமாராகத் தெரிந்தது, வாடிக்கையாளரின் ஃபோனில் வேறாகத் தெரியும். ஆங்கிலத்துக்கு ஒரு குடும்பம் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க, தமிழை அதன் விதிக்கு விட்டுவிட்டார்கள்.

தலையும் காலும் வெட்டுப்படுவதற்குக் காரணம் இன்னும் எளிது: வரி உயரம். ஆங்கிலத் தலைப்புகளுக்கு எழுத்தின் அளவைப் போல 1.1 அல்லது 1.2 மடங்கு வரி உயரம் வைப்பது வழக்கம். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் பெரும்பாலானவை நடுப்பட்டையிலேயே அடங்கிவிடுவதால் அது போதும். தமிழில் 'கீ', 'ஷீ' மேலே சுழித்துக்கொண்டு போகும். 'மூ', 'ழு', 'ஞு' கீழே இறங்கும். ஒரு வரியின் 'மூ'வும் அடுத்த வரியின் 'நீ'யும் நேர்க்கோட்டில் வந்தால் முட்டிக்கொள்ளும். பட்டனுக்கோ தலைப்புக்கோ உயரத்தை நிலையாக வைத்து, மிஞ்சுவதை மறை என்று எழுதியிருந்தால் அந்தச் சுழி காணாமலே போய்விடும். உங்கள் பக்கத்தில் நடந்திருப்பது அநேகமாக இதுதான். தமிழ்ப் பத்திகளுக்கு 1.7 மடங்கும், தலைப்புகளுக்கு 1.4 மடங்கும் நான் வைக்கும் கைக்கணக்கு. எழுத்துருவுக்கு எழுத்துரு இது சற்று மாறும். பெட்டிகளுக்கும் பட்டன்களுக்கும் நிலையான உயரம் கொடுக்காமல், உள்ளே இருக்கும் எழுத்து வளர்ந்தால் பெட்டியும் வளரும்படி விடச் சொல்லுங்கள். இந்த இரண்டு மாற்றங்களையும் ஒரு மதியத்தில் செய்துவிடலாம். "எழுத்தே அப்படித்தான்" என்ற புகாரில் பாதி அன்றைக்கே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி அளவு சம்பந்தப்பட்டது. இரண்டு மொழிக்கும் பதினாறு புள்ளி என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் இரண்டும் ஒரே அளவில் தெரியும் என்று நினைப்பது இயல்பு. தெரியாது. அந்த எண் எழுத்தின் உயரத்தைக் குறிப்பதில்லை. எழுத்து உட்கார்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பெட்டியின் உயரத்தைக் குறிக்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஆங்கிலச் சிற்றெழுத்து எவ்வளவு இடத்தை அடைக்கும், தமிழின் 'க', 'ட', 'ப' எவ்வளவு அடைக்கும் என்பது எழுத்துருவைச் செய்தவர் முடிவு செய்வது. சிலவற்றில் தமிழ் பூதாகரமாகவும், சிலவற்றில் ஆங்கிலத்தின் பக்கத்தில் குன்றிப்போயும் தெரிவதற்குக் காரணம் அதுதான். அதோடு, ஒரு 'ண' மூன்று சுழிகளோடு ஆங்கில எழுத்து இரண்டின் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரே சதுரத்தில் தமிழில் கோடுகள் அதிகம். ஆகவே அதே அளவில், அதே கனத்தில் (அதாவது கோட்டின் தடிமனில்) தமிழ் கருமையாகத் தெரிகிறது. நீங்கள் "நெருக்கியடித்து" என்று சொன்னது இதைத்தான். உலாவிகள் இயல்பாக வைத்திருக்கும் அளவு 16 பிக்சல். தமிழ்ப் பத்திக்கு 17 அல்லது 18 வைத்து, கனத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். தமிழுக்கு மட்டும் தனி எழுத்துரு, அதற்கு மட்டும் அளவைச் சதவீதத்தில் கூட்டுவது அல்லது குறைப்பது என்று சொல்லும் வசதி இப்போதைய உலாவிகளில் இருக்கிறது. உங்கள் நிரலாளருக்கு அது தெரிந்திருக்கும். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த அளவுச் சிக்கல் கணினியோடு பிறந்ததும் அல்ல. தரங்கம்பாடியில் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு அச்சகம் தொடங்கியபோது, 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வார்த்து வந்தன. எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் கரைந்துகொண்டே போனது. காகிதமோ கப்பலில் வரவேண்டிய பொருள். புதிய ஏற்பாட்டின் முதல் பகுதியைப் பெரிய எழுத்தில் அடித்தவர்கள், மீதியை முடிப்பதற்குப் பக்கத்து ஊரான பொறையாற்றில் சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்த்தார்கள். அதற்கு வேண்டிய ஈயத்தை, இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களிலிருந்து எடுத்தார்கள் என்பது அச்சு வரலாறு படித்தவர்கள் ரசித்துச் சொல்லும் செய்தி. நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் அச்சிட்ட வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதியைப் பாருங்கள்: சிறிய எழுத்து, ஆனால் தெளிவு குறையாது. பொறுமையாக வெட்டினால் தமிழ் எழுத்து எவ்வளவு சிறிய இடத்திலும் உட்காரும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. உங்கள் வடிவமைப்பாளருக்கு அந்த அகராதியின் ஒரு பக்கத்தை அனுப்பி வைக்கலாம்.

ஆங்கில டெம்ப்ளேட்டில் இன்னும் சில பழக்கங்கள் ஒளிந்திருக்கும். சிறு தலைப்புகளைப் பெரிய எழுத்துகளாக்கி, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அழகு காட்டுவது ஒன்று. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லாததால் முதல் கட்டளைக்கு ஒரு விளைவும் இருக்காது. இரண்டாவது கட்டளைதான் ஆபத்து. 'கா' என்பதில் ககரத்துக்கும் காலுக்கும் நடுவே உலாவி இடைவெளி விடாது. ஆனால் 'கா'வுக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே விடும். விளைவு, சொல் முழுக்கச் சீரற்ற ஓட்டைகள். சில மென்பொருள்களில் கொம்பு தன் எழுத்தை விட்டுப் பிரிந்து, முந்தைய எழுத்தின் சொத்தாகிவிடும். தமிழுக்கு எழுத்து இடைவெளியைச் சுழியமாக்கச் சொல்லுங்கள். சாய்வெழுத்தும் அப்படியே. தமிழ் அச்சு மரபில் சாய்வெழுத்து வேர் பிடித்ததில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது இல்லவும் இல்லை. இல்லாததைக் கேட்டால் உலாவி நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்துக் காட்டும். தடித்த எழுத்து இல்லாத எழுத்துருவில் தடிப்பைக் கேட்டால், இருக்கும் கோட்டைச் சுற்றி மை பூசி 'ஞ', 'ண', 'ஐ' ஆகியவற்றின் உட்சுழிகளை அடைத்துவிடும். அழுத்தம் வேண்டும் இடத்தில் தடிப்பாகவே வரையப்பட்ட எழுத்துருவைப் பயன்படுத்துங்கள், அல்லது நிறத்தை மாற்றுங்கள். இரு ஓரமும் நேராக நிற்கும்படி பத்தியை இழுப்பதையும் விட்டுவிடலாம். ஃபோனின் குறுகிய திரையில் நம் நீளமான சொற்கள் வரிக்கு இரண்டு மூன்றுதான் கொள்ளும், நடுவில் பள்ளம் பள்ளமாக வெள்ளை தெரியும்.

இப்போது நீங்கள் கேட்ட ஃபாண்ட். கூகுள் ஃபாண்ட்ஸ் தொகுப்பில் தமிழுக்கு நல்லவை இருக்கின்றன. அங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வருபவை: வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், தளத்தில் ஏற்றலாம், லோகோவிலும் கையாளலாம், எழுத்துருவைத் தனியாக விற்க மட்டும் கூடாது. மாறாக, விண்டோஸோடு வரும் லதாவையோ நிர்மலாவையோ கோப்பாக எடுத்து உங்கள் தளத்தில் ஏற்றுவதற்குத் தனி உரிமம் வேண்டும். யாரோ பென் டிரைவில் கொடுத்த எழுத்துருத் தொகுப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த அளவு உறுதி.

அவற்றுள் எது என்பது என் ரசனை, அதற்கு மேல் அதற்கு அதிகாரம் இல்லை. எண்ணெய்க் கடைக்கு, பத்திகளுக்கு முக்த மலரையோ ஹிந்த் மதுரையையோ முதலில் பார்ப்பேன். இரண்டிலும் தமிழும் லத்தீனும் ஒரே கூரையின்கீழ் செய்யப்பட்டவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சண்டை போடாது. ஹிந்த் மதுரை, பாப்பின்ஸைச் செய்த அதே நிறுவனத்தின் வேலை என்பதால், ஆங்கிலப் பக்கத்தின் சாயலை அதிகம் இழக்காமல் மாறிக்கொள்ளலாம். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரானில் (Catamaran) ஒன்பது கனங்கள் இருப்பதால் தலைப்புகளுக்கு வசதி. அனெக் தமிழில் கனத்தோடு அகலத்தையும் கூட்டிக்குறைக்கலாம். குறுகிய ஃபோன் திரையில் நீளத் தமிழ்த் தலைப்பை உடைக்காமல் அடக்க அதைவிட உதவியான கருவி இல்லை. புத்தக வாசனை வேண்டும் என்றால் டீரோ தமிழும் நோட்டோ செரிஃப் தமிழும் இருக்கின்றன. பலூ தம்பியைக் குழந்தைகளுக்கான பொருளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய்க்கு அது கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறது. எதை எடுத்தாலும் ஒரு சோதனை: ரூபாய்க் குறியும் எண்களும் அதில் இருக்கின்றனவா, தமிழோடு ஒட்டுகின்றனவா என்று விலைப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். (2010இல் அந்த ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார், மும்பை ஐஐடியில் ஆராய்ந்தது தமிழ் எழுத்துருவியலை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.)

திரையில் எது வாசிக்க எளிது என்ற கேள்வியில் எங்கள் தொழிலுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஒரே தடிமனில் ஓடும் கோடுதான் தெளிவு என்பார்கள் ஒரு சாரார். எழுத்தாணியால் ஓலையில் கீறிய கோடும் அப்படித்தானே ஓடியது என்று அவர்கள் மரபையும் துணைக்கு அழைப்பார்கள். அச்சில் வந்த, தடித்தும் மெலிந்தும் போகும் எழுத்தில்தான் நம் கண் பழகியிருக்கிறது, 'எ'யும் 'ஏ'யும், 'ர'வும் காலும் சட்டென்று பிரிந்து தெரிவது அதில்தான் என்பார்கள் இன்னொரு சாரார். இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீண்ட வாசிப்புக்கு நான் இரண்டாவது கட்சி. விலையும் விவரமும் தேடி வரும் கடைத் தளத்துக்கு முதல் கட்சி. யாராவது இதில் ஒன்றை அறிவியல் என்று சொல்லி உங்களிடம் கூடுதலாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரசனைக்கு இடமில்லாத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எண்ணெய் பாட்டிலின் லேபிளை அச்சகத்தில் செய்திருப்பீர்கள். அங்கே பல இடங்களில் இன்னும் பழைய குறியீட்டு எழுத்துருக்கள்தாம் ஓடுகின்றன. அவற்றில் திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அச்சுக்கு அது போதும். அந்தக் கோப்பிலிருந்து வாசகத்தை எடுத்து இணையதளத்தில் ஒட்டினால் எழுத்துக் குப்பைதான் வரும். அந்தப் பழைய எழுத்துருவையும் சேர்த்து ஏற்றி மறைத்தால் பக்கம் சரியாகத் தெரியும், ஆனால் 'கடலை எண்ணெய்' என்று தேடுகிறவருக்கு உங்கள் கடை அகப்படாது. முழுக்க யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், தட்டச்சு செய்யப்பட்டிருக்க வேண்டும். இதிலிருந்து தப்பிக்கத் தமிழ் வாசகங்களையெல்லாம் படமாக்கி ஏற்றும் குறுக்கு வழி ஒன்று உண்டு. அதுவும் தேடலில் சரியாக வராது, பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றவரின் ஃபோன் அதை வாசித்துக் காட்டாது. படத்தில் இருக்கலாம் என்று நான் ஒத்துக்கொள்ளும் ஒரே தமிழ் வாசகம், லோகோ மட்டும்தான். அதற்கும் மாற்று வாசகம் எழுதிவைக்க வேண்டும்.

கூடவே ஒரு சிறு சோதனை. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. விவரக் குறிப்பை இத்தனை எழுத்தோடு நறுக்கு என்று நிரலில் எழுதியிருந்தால், புள்ளி கழன்று 'தமிழ' என்று நிற்கும். பொருள் பட்டியலில் சொற்கள் இப்படி மொட்டையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். பேனர் செய்கிறவரின் மென்பொருளிலும் இதற்கு உறவான கோளாறு ஒன்று உண்டு: இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை அமைப்புகளில் போய் இயக்கவில்லை என்றால் 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊர் முழுக்க வாழ்த்துப் பலகைகளில் இதைப் பார்க்கலாம். தமிழ் தெரியாதவர் செய்தது என்று நினைப்போம். பெரும்பாலும் தமிழ் தெரிந்தவர் அமைப்பை மாற்றாமல் செய்ததுதான்.

லோகோவுக்கு வருவோம். தமிழில் செய்யலாமா என்றால், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் ஆங்கில லோகோவின் உறுப்புகளைப் பிய்த்துத் தமிழாகக் கோர்க்காதீர்கள். ஆங்கில 'யு'வைத் திருப்பிப் போட்டால் ஒரு தமிழ் எழுத்து போலத் தெரியும், 'எல்'லின் அடிக்கோட்டை நீட்டினால் 'ட' ஆகும் என்று வித்தை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வரும் எழுத்தை ஆங்கிலக்காரரும் படிக்க முடியாது, தமிழரும் தடுக்கி விழுவார். ஒரு எழுத்து முறையில் கிடைக்கும் தற்செயல் அழகு இன்னொன்றில் கிடைக்காது. 1994இல் வடிவமைப்பாளர் லிண்டன் லீடர், ஃபெடெக்ஸ் என்ற கூரியர் நிறுவனத்தின் லோகோவில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெள்ளையில் ஒரு அம்பை ஒளித்தார். அந்த அம்பு அந்த இரண்டு லத்தீன் எழுத்துகளின் கோணங்களுக்குப் பிறந்தது. அதைத் தமிழில் தேடினால் கிடைக்காது, தேடவும் தேவையில்லை. உங்கள் கடைப் பெயரின் தமிழ் எழுத்துகளில் வேறு வாய்ப்புகள் இருக்கும்: இரண்டு காலெழுத்துகள் அடுத்தடுத்து வரலாம், ஒரு 'ழ'வின் வால் அடுத்த எழுத்தின் அடிக்கோடாக ஓடலாம், ஒரு புள்ளி எண்ணெய்த் துளியாகலாம். (துளி கொஞ்சம் பழசு, இருந்தாலும் புள்ளி இருக்கிற மொழிக்குத்தான் அந்த வசதி.) இரண்டு லோகோக்களும் ஒன்றையொன்று நகலெடுக்க வேண்டியதில்லை. கோட்டின் தடிமன், முனையின் உருட்டல், நிறம், மொத்தக் கருமை ஆகியவை ஒத்துப்போனால் ஒரே கடையின் இரண்டு முகங்கள் என்று கண் ஏற்றுக்கொள்ளும்.

அப்பா காலத்துப் பலகைதான் உங்கள் கேள்வியில் என்னை எழுத உட்கார வைத்தது. அதை நான் பார்த்ததில்லை. ஆனாலும், அதை இறக்கி வைத்திருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று தைரியமாகச் சொல்வேன். நம் ஊர்ப் பெயர்ப்பலகை ஓவியர்களில் நல்ல கை உள்ளவர்கள், எந்த எழுத்துருவிலும் இல்லாத தீர்வுகளைப் பலகையில் கண்டிருக்கிறார்கள். 'ணெ', 'ண்ணெ' போன்ற அகலக் கூட்டத்தை எப்படி ஒடுக்குவது, புள்ளியை எங்கே வைத்தால் மேல்வரி அடைபடாது, நிழலை எந்தப் பக்கம் தள்ளினால் தெருமுனையிலிருந்து எழுத்து முன்னுக்கு வரும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். ஓவியர் ஆதிமூலம் போன்றவர்கள் புத்தக அட்டைகளுக்கும் பத்திரிகைத் தலைப்புகளுக்கும் எழுதிய எழுத்துகள் இன்றும் தனியாகத் தெரிவதற்குக் காரணம், அவர்கள் எழுத்தை வரைந்தார்கள், தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் பலகையை நேராக வைத்து, நிழல் விழாத வெளிச்சத்தில், எதிரே நின்று படம் எடுங்கள். எழுத்து வரையத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, அதன் மேல் புதிதாக வரையச் சொல்லுங்கள். அப்படியே நகலெடுப்பதில் பயனில்லை. தூரிகை நடுங்கிய இடம், அளவு தப்பிய இடம் எல்லாம் பலகையில் அழகு, ஃபோனின் சிறு சின்னத்தில் அழுக்கு. எலும்பை வைத்துக்கொண்டு சதையைத் திருத்த வேண்டும். எழுதிய ஓவியர் ஊரில் இருந்தால் அவரையே அழைத்து எழுதச் சொல்வது இன்னும் உத்தமம். அந்த எழுத்து அவருடைய உழைப்பு என்பதால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் கூலி கொடுப்பதும் முறை.

பழையதை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிய முகம் காட்டும் ஆசையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க ஆடை நிறுவனமான கேப், 2010 அக்டோபரில் பல ஆண்டுகளாக மக்கள் பார்த்துப் பழகிய நீலச் சதுர லோகோவை எடுத்துவிட்டு ஹெல்வெட்டிகா எழுத்தில் புதியது ஒன்றை வைத்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், சில நாட்களிலேயே பழையதற்குத் திரும்பியது. புதியது அப்படியொன்றும் அருவருப்பாக இல்லை என்பது என் கருத்து. அது யாருடையதாகவும் இருந்திருக்கலாம், அதுதான் அதன் குறை. எண்ணெய்க் கடைகளில் இப்போது அந்த நோய் பரவியிருக்கிறது: வட்டத்துக்குள் ஒரு செக்கு, ஒரு மாடு, இரண்டு பக்கமும் இலை. நான்கு கடைகளின் லேபிளைக் கலைத்து வைத்தால் கடைக்காரருக்கே எது தன்னுடையது என்று தெரியாது.

நிறம் பற்றி ஒன்றே ஒன்று. எண்ணெய் என்றதும் மஞ்சள் வரும். பின்னணிக்கு வரட்டும், எழுத்துக்கு வேண்டாம். இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாட்டைக் கேட்கின்றன. பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வெள்ளையில் கறுப்பு 21க்கு 1. வெள்ளையில் தூய மஞ்சள் 1.07க்கு 1, அதாவது ஏறக்குறைய இல்லை. இதை இலவசமாகக் கணக்கிட்டுச் சொல்லும் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. வெயிலில் நின்று ஃபோனைப் பார்க்கும் ஐம்பது வயதுக்காரரைத்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். உங்கள் எண்ணெயை வாங்குபவர் அவர்தான்.

சட்டம் தொடும் இடம் இரண்டு. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் மேலே, பிற மொழிகள் கீழே என்பதும், தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்ற விகிதமும் விதியாக இருக்கின்றன. உணவுப் பொருள் லேபிளில் இது தலைகீழ்: கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் லோகோ இரண்டு விதமாகவும் நிற்கப் பழக வேண்டும்: பலகையில் தமிழ் பெரிதாக, ஆங்கிலம் துணையாக, லேபிளின் பின்பக்கத்தில் ஆங்கில விவரங்கள் நெருக்கமாக, முன்பக்கத்தில் தமிழ்ப் பெயர் தாராளமாக. தொடக்கத்திலேயே இரண்டு அமைப்பையும் வரைந்து வாங்கிவிடுங்கள். வணிகச் சின்னமாகப் பதிவு செய்வதாக இருந்தால், தமிழ் வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் சேர்த்தா தனித்தனியாகவா என்பதை அதற்கான வழக்கறிஞரிடம் கேளுங்கள். அது என் எல்லைக்கு அப்பால்.

மறுபடி செய்வதாக இருந்தால் வேலையின் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முதலில் தமிழ்ப் பக்கம். உங்கள் கடையின் உண்மையான வாசகங்களை வைத்து, மிக நீளமான பொருள் பெயரையும் மிக நீளமான பட்டனையும் வைத்து, மேலே ஏறும் கீழே இறங்கும் எழுத்துகள் நிறைந்த தலைப்பை வைத்து அமைக்கட்டும். பிறகு அதே பக்கத்தில் ஆங்கிலத்தை ஊற்றட்டும். அகலமும் உயரமும் அதிகம் கேட்கும் எழுத்துக்கு அளவெடுத்த இடத்தில், குறைவாகக் கேட்கும் எழுத்து தளர்வாக உட்கார்ந்துகொள்ளும். எதிர்த்திசையில் அது நடக்காது. எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் என்று உங்கள் பொருள்களில் 'ண்ணெ' வந்துகொண்டே இருக்கும் என்பதால், எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது வேறெதையும் தட்டச்சு செய்து பார்க்காமல் இந்தச் சொற்களையே பாருங்கள். ஃபோனில் பாருங்கள், அதிலும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஃபோனில்.

இதையெல்லாம் செய்தால் விற்பனை கூடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அப்படி வாக்குக் கொடுக்கும் வடிவமைப்பாளரை நான் நம்ப மாட்டேன். நல்ல எழுத்து, பக்கத்தைப் படிக்க வந்தவரைத் துரத்தாமல் இருக்கும். அதற்கு மேல் எண்ணெய்தான் பேச வேண்டும். பணம் குறைவாக இருந்தால் வரி உயரத்தையும் எழுத்துருவையும் இந்த வாரமே மாற்றுங்கள், அதற்குச் செலவு ஏதும் பெரிதாக இல்லை. பலகையைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். லோகோ அடுத்த பாட்டில் லேபிள் அச்சுக்குப் போகும்போது வரட்டும். கையில் இருக்கும் பழைய லேபிள்கள் தீரட்டும் முதலில்.